இனிப்பு இறுங்கு விதை வாங்குமுன் பாருங்கள் – மூதூர், கந்தளாய்ப் பக்க மாடு வளர்ப்பவர்களுக்கு

மாட்டுத் தீவனத்துக்கு இனிப்பு இறுங்கு (தண்டில் இனிப்புச் சாறு உள்ள வகை) என்று சொல்லி, எழுத்தே இல்லாத வெள்ளைப் பையில் எங்களுக்கு விதை விற்றார்கள். பெரும்போக மழைக்கு விதைத்தோம். வளர்ந்தது தானியத்துக்குப் போடும் சாதாரண இறுங்கு. (தமிழ்நாட்டுக் காணொளிகளில் சோளம் என்பது இந்த இறுங்கைத்தான். நம் கடைகளில் சோளம் என்று கேட்டால் வேறு விதைதான் வரும்.)

விதையைப் பார்த்து இனிப்பைச் சொல்ல முடியாது. இலை விரிந்தபின் நடுநரம்பைப் பாருங்கள். மங்கிய பச்சையாக, ஈரம் ஊறினாற்போல இருந்தால் தண்டில் சாறு உண்டு. பால்வெள்ளை என்றால் சக்கை. எங்கள் வயலில் பத்துக்கு எட்டு வெள்ளை. கதிர் வந்தபின் தண்டை முறுக்கிப் பார்த்தால் கையில் ஈரமே ஒட்டவில்லை. உள்ளே நெட்டிபோலப் பஞ்சு.

ஏக்கருக்கு 10 கிலோ போடச் சொன்னதும் ஏமாற்றுத்தான். வரிசைக்கு 2 அடி, செடிக்கு அரை அடி இடைவெளி விட்டால் ஒரு செடிக்கு ஒரு சதுர அடி. ஏக்கருக்கு 43,560 செடி. ஒரு கிலோவில் ஏறத்தாழ 30,000 விதை இருக்கும். முளைக்காததும் பூச்சி தின்றதும் போக 3 கிலோ தாராளம். மிச்ச விதையில் 100 எண்ணி, நனைத்த சாக்கில் சுருட்டி வைத்து ஐந்தாம் நாள் பார்த்தோம்: முளைத்தது 46. பழைய விதையை அளவு கூட்டித் தள்ளியிருக்கிறார்கள். இந்தச் சோதனையை வாங்குமுன் செய்யுங்கள். 80க்குக் கீழே என்றால் வேண்டாம். பையில் தொகுதி இலக்கம், முளைப்பு வீதம், சோதித்த திகதி இருக்கிறதா பாருங்கள், பில்லும் கேட்டு வாங்குங்கள்.

பணம் போனதைவிட விதை விற்றவர்கள் சொன்ன ஒரு வார்த்தைதான் பெரிய ஆபத்து: "முப்பது நாளில் அறுத்துப் பச்சையாகப் போடுங்கோ, பால் கூடும்." தயவுசெய்து செய்யாதீர்கள். இளம் இறுங்கில் உள்ள டூரின் என்ற பொருள் மாட்டின் வயிற்றில் சயனைட் நஞ்சாக மாறும். 2 அடிக்குக் குறைந்த பயிர், வயலில் நிற்கும்போதே வெயிலில் வாடியது, யூரியா அதிகம் போட்டது எல்லாம் இன்னும் மோசம். கதிரில் மணி பால் பிடித்து இறுகத் தொடங்கும்போது அறுங்கள். இனிப்பு ஏறுவதும் அப்போதுதான். அறுத்து நன்றாகக் காயவைத்தாலும் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீவனம்) போட்டாலும் நஞ்சு குறையும்.

மூச்சு வாங்கி, தள்ளாடி மாடு விழுந்தால் சில நிமிடங்கள்தான் இருக்கும். மிருக வைத்தியரை அழைக்கும்போதே இறுங்கு தின்றது என்று சொல்லுங்கள், நஞ்சை முறிக்கும் தயோசல்பேட் ஊசியோடு வருவார். அறுத்த வயலில் மறுதாம்பு துளிர்த்திருந்தால் ஆட்டையோ மாட்டையோ அங்கே கட்டாதீர்கள்.