2023இன் சிறந்த குத்துச்சண்டை வீரர் கிராஃபோர்டா, இனோவேவா?

ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் பயிற்சி முடிந்து கையுறையைக் கழற்றும் நேரத்தில் எழும் வாதங்களுக்கு 2023ஆம் ஆண்டு இன்னமும் தீனி போடுகிறது. ஜூலை 25 அன்று டோக்கியோவில் நவோயா இனோவே ஸ்டீபன் ஃபுல்டனை எட்டாவது சுற்றில் வீழ்த்த, நான்கே நாள்கள் கழித்து லாஸ் வேகாஸில் டெரன்ஸ் கிராஃபோர்ட் எரால் ஸ்பென்ஸை ஒன்பதாவது சுற்றில் முடித்தார். தோற்ற இருவருமே அதுவரை தோல்வி அறியாதவர்கள்.

ஓர் இரவை மட்டும் எடைபோட்டால் கிராஃபோர்டே மேல். இடக்கை ஆட்டக்காரராக நின்று, இடக்கை நேர்குத்தைத் தொடர்ந்து வலக்கை ஜாப் (முன்னால் நிற்கும் கையால் விடும் விரைவுக் குத்து) ஒன்றை இறக்கி, இரண்டாவது சுற்றிலேயே ஸ்பென்ஸைக் கீழே தள்ளினார். ஏழாவதில் மேலும் இருமுறை. சமபலம் என்று பேசப்பட்ட மோதல் ஒருதலையாகிப் போனது. நான்கு அமைப்புகள் தனித்தனியே உலகப் பட்டம் வழங்கும் காலத்தில், இரண்டு எடைப்பிரிவுகளில் அத்தனை பட்டங்களையும் வென்ற முதல் ஆண் வீரரும் அவரே. ஆனால் அவ்வாண்டில் அவர் வளையத்தில் ஏறியது அந்த ஒருமுறைதான்.

இனோவேயோ பான்டம் எடையின் நான்கு பட்டங்களையும் துறந்து, 118 பவுண்டிலிருந்து 122க்கு ஏறிய அதே ஆண்டில், டிசம்பர் 26 அன்று மார்லன் டபாலெஸைப் பத்தாவது சுற்றில் சாய்த்து அச்சாதனையைத் தாமும் எட்டினார். (எடை கூடினால் குத்தின் வலு குறையும் என்றவர்கள் பிறகு வாய் திறக்கவில்லை.) ஆண்டின் சிறந்த வீரர் விருது ஆண்டு முழுமைக்குமானது என்பதால், அதற்குத் தி ரிங் குத்துச்சண்டை இதழ் இனோவேயைத் தேர்ந்தெடுத்ததே சரி என்பேன்.