சூப்பர் மீட்டியர் 650-இன் பின் ஷாக்: மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

241 கிலோ எடை, 101 மி.மீ. பின் சஸ்பென்ஷன் டிராவல் (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம்), காலை முன்னால் நீட்டி உட்காரும் நிலை. ராயல் என்ஃபீல்ட் சூப்பர் மீட்டியர் 650-இல் ‘இடுப்பு ஒடியுதுங்க’ என்பவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மற்ற வண்டியில் பள்ளம் வந்தால் ஃபுட்பெக்கில் காலை ஊன்றிப் பின்பக்கத்தை ஒரு விரல்கடை தூக்கிக்கொள்ளலாம். இதில் முடியாது. கால் முன்னால் இருப்பதால் உடம்பின் எடை முழுக்க சீட்டில்தான் கிடக்கும். பின் சக்கரம் வாங்குகிற அடியில் ஷாக் எவ்வளவு விழுங்குகிறதோ அது போக மீதி நேராக முதுகுத்தண்டுக்கு வரும். முன்பக்கம் 43 மி.மீ. ஷோவா ஃபோர்க், 120 மி.மீ. டிராவல். அதைப் பற்றிக் குறைசொல்ல அதிகம் இல்லை. பேச வேண்டியது பின்பக்கம் மட்டும்தான்.

கம்பெனி ஷாக் எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே இல்லை என்று பிரித்துச் சொல்லலாம். சேலம்–கோவை என்.எச். 544-இல் 90 கி.மீ. வேகத்தில் மெதுவாக ஏறி இறங்கும் அலை போன்ற மேடுகளில் வண்டி ஆட்டமில்லாமல் உட்கார்ந்து போகும், பாலத்தின் இறக்கத்தில் ஊஞ்சலாடாது. அதே வண்டியை சர்வீஸ் ரோட்டில் இறக்கினாலோ, டோல்கேட்டுக்கு முன்னால் இருக்கும் அடுக்குக் கோடுகளில் ஏற்றினாலோ, தாராபுரம் பக்கத்துக் கிராமச் சாலையில் பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் விட்டாலோ ‘டக்’கென்று தூக்கிப் போடும். காரணம் ஷாக் ராட் (ஷாக்குக்குள் போய்வரும் கம்பி) நகரும் வேகம். நீளமான அலையில் ராட் மெதுவாக உள்ளே போகிறது. கூரான விளிம்பில் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே போயாக வேண்டும், அப்போது எண்ணெய் வால்வு வழியாக அவ்வளவு சீக்கிரம் ஓட வழியில்லாமல் ஷாக் கட்டைபோல் நின்றுவிடுகிறது. வண்டி 30-இல் போகிறதா 90-இல் போகிறதா என்பது இதில் இரண்டாம் பட்சம். அடியின் கூர்மைதான் கணக்கு.

இதைக் கேட்டவுடன் புது ஷாக் விலையைத் தேடத் தொடங்குவது வழக்கம். அதற்கு முன் காசே செலவில்லாத வேலைகள் இருக்கின்றன.

முதலில் காற்று. 150/80 அளவு, 16 அங்குல பின் டயர் பெரிய காற்றுப் பை. கூரான அடியை ஷாக்குக்கு முன்னால் வாங்குவது அதுதான். வண்டிப் புத்தகத்தில் தனியாக ஓட்ட ஓர் அளவும், ஆள் ஏற்றினால் இன்னோர் அளவும் இருக்கும். பஞ்சர் கடையில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவாக 40 பிடித்துவிடுவது நம் ஊரில் சகஜம், மீட்டரும் பல இடத்தில் பொய் சொல்லும். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி, காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். டயரின் உள்காற்று 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் சுமார் 1.5 பி.எஸ்.ஐ. ஏறும். கரூர் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஓட்டிவிட்டு நிறுத்தினால் 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் குறைவாக இருக்கும், எடை கூடிய வண்டியில் ரிம் அடிபடும்.

அடுத்தது பிரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைக்கிறோம் என்பது. இதில்தான் குழப்பம் அதிகம். ஷாக்கின் கீழ்க்காலரை சி ஸ்பேனரால் திருப்பி மேல்படிக்கு ஏற்றினால் ‘ஸ்பிரிங் ஹார்டாகிவிடும்’ என்று பட்டறையிலேயே சொல்வார்கள். ஸ்பிரிங்கின் கடினம் அப்படியேதான் இருக்கும், மாறுவது வண்டி நிற்கும் உயரம். காலரை ஏற்ற ஏற்ற வண்டி மேலே நிற்கும், சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் குறையும். பள்ளம் வந்தால் சக்கரம் இறங்கிப் போய்த் தரையைத் தொடாது, வண்டியோடு சேர்ந்து பள்ளத்துக்குள் விழும். அந்த விழுகையைத்தான் ‘ஹார்டு’ என்று உடம்பு உணர்கிறது. தனியாக ஓட்டும் 70 கிலோ ஆளுக்குக் கீழ்ப்படியில் தொடங்குவதே சரி. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸ் முடிந்து வந்த வண்டியில் இடது ஒரு படி, வலது ஒரு படி என்று இருப்பது அபூர்வமில்லை.

படியை மாற்றிவிட்டு ஊகத்தில் விட்டால் போதாது, அளக்க வேண்டும். மூன்று பேர், ஒரு இஞ்ச் டேப், ஒரு துண்டு மாஸ்கிங் டேப் போதும். பின் ஆக்ஸிலின் நடுவில் இருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி குறியுங்கள், அளப்பது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை. முதல் அளவு, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது. ஸ்விங்ஆர்மை (பின் சக்கரத்தைத் தாங்கும் கையை) தூக்கும் பேடாக் ஸ்டாண்டில் நிறுத்தினால் சஸ்பென்ஷன் விரியாது, அளவு தப்பாக வரும். சேசிஸின் உறுதியான பகுதிக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக் கொடுங்கள், எஞ்சின் அடிப்பகுதியிலோ சைலன்சரிலோ வேண்டாம். இரண்டாவது அளவு, வண்டி தன் எடையில் நேராகத் தரையில் நிற்கும்போது. மூன்றாவது, ஓட்டுபவர் ஹெல்மெட், ஜாக்கெட் சகிதம் இரண்டு காலையும் பெக்கில் வைத்து உட்கார்ந்திருக்கும்போது. ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடிக்க, இன்னொருவர் அளக்கட்டும். ரப்பர் புஷ், சீல் உராய்வு எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு தடவையும் சில மி.மீ. ஏமாற்றும். ஆகவே ஒரு தடவை சீட்டை அழுத்தி மெதுவாக விட்டு அளங்கள், ஒரு தடவை தூக்கி மெதுவாக இறக்கி அளங்கள், இரண்டின் சராசரியை எடுங்கள்.

உதாரணத்துக்கு, தொங்கும்போது 612 மி.மீ., வண்டி எடையில் 604, ஆளோடு 583 என்று வைத்துக்கொள்வோம். ஆளோடு அமுங்கல் 29 மி.மீ., வெறும் வண்டிக்கு 8. டூரிங் வண்டிக்கு மொத்த டிராவலில் கால் பங்கில் இருந்து மூன்றில் ஒரு பங்குவரை ஆளோடு அமுங்குவது பொது வழக்கம். 101 மி.மீ. டிராவலுக்கு இது 25 முதல் 33. வெறும் வண்டியில் 5 முதல் 10 இருந்தால் நல்லது. ஆள் அமுங்கல் சரியாக இருந்து, வெறும் வண்டியில் அமுங்கலே இல்லை என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிது, பிரீலோடை ஏற்றி முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆள் அமுங்கல் சரி, வெறும் வண்டியே 15-க்கு மேல் அமுங்குகிறது என்றால் ஸ்பிரிங் முரடு. கீழ்ப்படியிலும் ஆளோடு 20-ஐத் தாண்டவில்லை என்றாலும் அதே தீர்ப்புதான். இரண்டு எண்ணும் சரியாக வந்தும் வேகத்தடையில் தூக்கிப்போட்டால் ஸ்பிரிங்கைக் குறைசொல்ல முடியாது, ஷாக்குக்குள் இருக்கும் கம்ப்ரஷன் டாம்பிங்தான் (அமுங்கும்போது எண்ணெய் காட்டும் தடை) காரணம். எந்தப் படியை மாற்றினாலும் அது தீராது. புது ஷாக் பற்றிய பேச்சு இந்த இடத்தில்தான் நியாயமாகத் தொடங்குகிறது.

ஒரு விதிவிலக்கு. அடி விழுவது டிராவல் முழுக்கத் தீர்ந்து முட்டுவதாலும் இருக்கலாம். ராட் கண்ணுக்குத் தெரிந்தால் அதில் மெல்லிய கிரீஸ் கோடு ஒன்று தடவி, ஒரு மோசமான ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து சீல் எதுவரை ஏறி வழித்திருக்கிறது என்று பாருங்கள், பிறகு துடைத்துவிடுங்கள். முட்டுகிற ஷாக்குக்கும் கட்டையாக நிற்கிற ஷாக்குக்கும் மருந்து நேரெதிர்.

பின்னால் ஆள் ஏறினால் கணக்கு வேறு. ஓட்டுபவரின் எடை இரண்டு சக்கரத்துக்கும் பிரியும். பின்னால் உட்காருபவர் கிட்டத்தட்ட ஆக்ஸிலுக்கு நேர் மேலே இருப்பதால் அவர் எடை ஏறக்குறைய முழுக்கப் பின் ஷாக்குக்கே போகிறது. டாப் பாக்ஸ் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்குவதால் பின்பக்கத்தை அமுக்குவதோடு முன்பக்கத்தையும் லேசாக்கும். தனி ஆளுக்கு வைத்த படியிலேயே இருவரும் பெட்டியுமாக வால்பாறைக்குக் கிளம்பினால், ஆழியாறுக்கு மேலே வரும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஃபுட்பெக் தரையை உரசும். கிரவுண்ட் கிளியரன்ஸ் 135 மி.மீ. மட்டுமே, வேகத்தடையும் அடியில் தட்டும். கிளம்பும் முன் படியை ஏற்றுவதும், திரும்பி வந்ததும் இறக்குவதும் பழக்கமாக வேண்டும். ஏற்றியதை இறக்க மறப்பவர்கள்தான் ‘இந்த வண்டி ஹார்டு’ என்று அதிகம் புகார் சொல்கிறார்கள்.

சீட்டை ஷாக்குக்கு முன்னால் யோசிக்கலாம். உயரம் 740 மி.மீ. தான் என்பதால் 15 மி.மீ. கூடினாலும் பெரும்பாலானவர்களுக்குக் கால் எட்டும். குஷன் கடையில் ‘நல்லா மெத்துனு போடுங்க’ என்று சொன்னால் மென்மையான ஃபோம் வைத்துத் தருவார்கள். அது ஒரு மணி நேரத்தில் அமுங்கி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். அடர்த்தி கூடிய ஃபோமை அடியிலும் மெல்லிய மென்ஃபோமை மேலேயும் கேளுங்கள். பஸ் பாடி கட்டும் கரூரிலும் லாரி பாடி கட்டும் நாமக்கல்லிலும் இந்த அடர்த்திப் பேச்சு தெரிந்த ஆட்கள் உண்டு. காற்றடைத்த சீட் குஷன் வாங்குவோர் செய்யும் தவறு ஒன்றே ஒன்று, முழுக்க ஊதுவது. உட்கார்ந்தபடியே காற்றை விட்டு, சீட்டுக்கும் உடம்புக்கும் நடுவே அரை அங்குலம் மட்டும் மிஞ்சும் அளவுக்கு வைத்தால்தான் அது வேலை செய்யும். இல்லாவிட்டால் வளைவில் பந்தின் மேல் உட்கார்ந்ததுபோல் நழுவும்.

இனி ஷாக். தாய்லாந்தின் ஒய்.எஸ்.எஸ்., இங்கிலாந்தின் ஹாகன் போன்றவர்கள் ராயல் என்ஃபீல்ட் 650 வண்டிகளுக்கு ஷாக் செய்கிறார்கள். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஓட்டுபவர் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் கிடைக்குமா என்பது. ‘எல்லாருக்கும் ஒரே ஸ்பிரிங்தான்’ என்கிற கடையில் பணம் கொடுக்காதீர்கள். ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப விரியும்போது எண்ணெய் காட்டும் தடையை, மாற்றும் குமிழ் அவசியம். தனியாக கேஸ் டப்பா தொங்கும் மாடல் பார்க்க அழகு, மலை இறக்கத்தில் தொடர்ந்து அடி வாங்கும்போது எண்ணெய் சூடேறாமல் காக்கவும் செய்யும். ஆனால் ஈரோட்டில் இருந்து பழனி போய்வருபவருக்கு அது தேவையில்லாத செலவு. நைட்ரஜன் நிரப்பி சர்வீஸ் செய்ய ஆள் எங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள். ராயல் என்ஃபீல்டின் இன்னொரு 650 வண்டியான இன்டர்செப்டரின் ஷாக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி மாட்ட வேண்டாம். அந்த வண்டியின் சேசிஸ் வேறு, டிராவலும் 88 மி.மீ. தான்.

கண்ணுக்குக் கண் (இரு முனையிலும் போல்ட் போகும் துளைகளுக்கு இடைப்பட்ட) நீளம் கம்பெனி ஷாக்கைப்போலவே இருக்க வேண்டும். நீளம் குறைந்தால் 135 மி.மீ. இன்னும் குறையும். கூடினால் சைட் ஸ்டாண்டில் வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்து நிற்கும், 241 கிலோ இடது பக்கம் விழுந்தால் தனியாள் தூக்குவது லேசில்லை.

கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமா? புஷ், ஸ்பேசர் எல்லாம் சொன்ன அளவில் கடைந்து தருவார்கள். அதில் ஒரு நுணுக்கம்: உள்ளே போகும் இரும்புக் குழல் ஷாக் கண்ணின் அகலத்தைவிட ஒரு பொடி நீளமாக இருக்க வேண்டும். நட்டை இறுக்கும்போது வாஷர் குழலைப் பிடிக்க வேண்டும், ரப்பரையோ கண்ணையோ நசுக்கக் கூடாது. நசுக்கினால் கண் திரும்பாது, ராட் பக்கவாட்டில் வளையப் பார்க்கும், சில மாதத்தில் சீல் ஒழுகும். ‘ஷாக் சரியில்லை’ என்று திரும்பி வரும் பலவற்றில் உண்மையான காரணம் இதுதான். அதே பட்டறையில் ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டித் தரச் சொல்லாதீர்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் மேலும் முரடாகும், மென்மையாகாது. சூடுகாட்டி அமுக்கினால் உருக்கின் பதமே போய்விடும்.

மாட்டும்போது ஒரு பக்கம் கழற்றி, புதிதை மாட்டி, பிறகு மறுபக்கம் போங்கள். இரண்டையும் ஒரேயடியாகக் கழற்றினால் ஸ்விங்ஆர்ம் கீழே விழும். போல்ட்டுகளைக் கையால் ஏற்றி, வண்டியை அதன் எடையில் நிறுத்திய பிறகு சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவில் இறுக்குங்கள். தொங்கவிட்டே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே கிடக்கும். செயின் தளர்வையும் ஆள் உட்கார்ந்த நிலையில் திரும்பப் பாருங்கள்.

ரீபவுண்ட் திருத்தம் ரோட்டில் நடக்க வேண்டியது. நின்ற இடத்தில் சீட்டை அழுத்தி விட்டால் ஒரே மூச்சில் மேலே வந்து நிற்க வேண்டும், துள்ளவும் கூடாது, நத்தைபோல் ஏறவும் கூடாது. அதன் பிறகு பண்ணாரியில் இருந்து திம்பம் ஏறும் 27 வளைவு நல்ல பரிசோதனைக் களம். வளைவில் இருந்து வெளியே வரும்போது பின்பக்கம் மிதந்தால் ரீபவுண்டை இரண்டு கிளிக் கூட்டுங்கள். தொடர்ச்சியான சிறு பள்ளங்களில் முதல் அடி மெத்தென்றும் நான்காவது அடி கல்லாகவும் இருந்தால் ரீபவுண்ட் அதிகம். ஒரு பள்ளத்தில் இருந்து ஷாக் விரிந்து முடிக்கும் முன் அடுத்தது வந்துவிடுகிறது. இரண்டு கிளிக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எத்தனை கிளிக் என்று எழுதி வையுங்கள்.

தனியாக, வாரக்கடைசியில் மட்டும் ஓட்டுபவருக்குக் காற்று, படி, சீட் மூன்றும் போதும், ஷாக் மாற்றுவதற்கு வேலையே இல்லை. மாதத்துக்கு இரண்டு நீண்ட ஓட்டம் ஓடுபவருக்கும், எடை 90 கிலோவைத் தாண்டியவருக்கும், எப்போதும் இருவராகப் போகிறவருக்கும் எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்ட ஷாக் கொடுத்த காசுக்குத் தகும். 500 கி.மீ. ஓடிய பிறகு போல்ட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள், அமுங்கலையும் இன்னொரு முறை அளங்கள், புது சீல் பழகியதும் ஓரிரு மி.மீ. மாறியிருக்கும். கழற்றிய கம்பெனி ஷாக்குகளைத் துடைத்து, ராடில் எண்ணெய் தடவி, பெட்டியில் போட்டு வையுங்கள். வாரண்டி கேட்கும்போதும், வண்டியை விற்கும்போதும் அவற்றைத்தான் கேட்பார்கள்.