உப்புத்தாள் எழுத்துப் பெட்டி: வீட்டுக் கல்விக்கு வாங்கலாமா?

மூன்றரை வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே தமிழ் சொல்லிக்கொடுக்க நினைப்பவர்கள் பலரும் தேடும் பொருள் இது. உயிர் 12, மெய் வரிசை 18, ஆய்தம் 1 என மொத்தம் 31 பலகைகள். ஒவ்வொன்றிலும் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய ஓர் எழுத்து. பிள்ளை ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் அதைத் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறை இது.

வாங்கலாம். ஆனால் பெட்டியில் அடுக்கியிருக்கும் வரிசையில் சொல்லிக்கொடுக்காதீர்கள். ‘அ’ சுழித்து, வளைந்து, கீழே இறங்கும் எழுத்து. சின்ன விரலுக்கு அதுதான் முதல் பாடம் என்றால் இரண்டே நாளில் பெட்டி பரணுக்குப் போய்விடும். நேர்க்கோட்டு எழுத்தில் தொடங்குங்கள். முதலில் ட, ப. அவை பழகியதும் ம, க. ‘ய’ பார்வைக்கு ‘ப’ போலவே இருப்பதால் அதைத் தள்ளிக் கொடுங்கள். ந, ண, ன மூன்றையும் ஒரே நாளில் எடுத்தால் குழப்பம் நிச்சயம். ல, ள, ழவும் ர, றவும் அப்படியே.

ஒரு நேரத்தில் இரண்டு எழுத்து, பத்து நிமிடம் போதும். முதலில் “இது ட” என்று நீங்கள் தடவிக் காட்டுங்கள். அடுத்து “ட எங்கே, காட்டு” என்று கேளுங்கள். மூன்றாவதாகத்தான் “இது என்ன?” என்ற கேள்வி. பெரும்பாலான வீடுகளில் பிசகுவது இங்கேதான்: இரண்டாம் படி உறுதியாகும் முன்னரே மூன்றாவதைக் கேட்டுவிடுகிறோம். பதில் வராவிட்டால் “தப்பு” என்று சொல்லாமல் முதல் படிக்கே திரும்புங்கள். ஒரு பிள்ளைக்கு ஓர் எழுத்து ஒரே நாளில் பிடிபடும், இன்னொரு பிள்ளைக்கு ஒரு வாரம் ஆகும், இரண்டுமே சரிதான்.

க, ட, ப, ம, ய என்ற ஐந்து எழுத்தும், துணைக்கால் (‘பா’வில் வரும் கால்), மேல்விலங்கு (‘டி’யின் மேல்வளைவு), புள்ளி என்ற மூன்று குறியும் வந்துவிட்டால் பிள்ளை காட்பாடி, பாகாயம் என்ற இரண்டு பஸ் போர்டையும் படித்துவிடும். வேலூர்ப் பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் வாசிப்புப் பாடம் இல்லை. பாகாயத்தின் ‘பா’வைப் பிள்ளை ‘பட்டம்’ என்பதில் வரும் ப போல அழுத்திப் படிக்கும். அது பிழையல்ல, ஊரார் சொல்வதுபோல முழுச்சொல்லையும் ஒருமுறை சொல்லிக் காட்டினால் தானே திருத்திக்கொள்ளும். ‘வேலூர்’ கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். அதில் ‘வே’யின் இரட்டைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வருகிறது. ‘லூ’வின் உருவமும் தனி. உகர, ஊகார வரிசையில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அவை எப்போதும் கடைசிதான்.

பெட்டியின் பெரிய குறை, இந்தக் குறிகள் எதுவுமே அதில் இல்லை என்பது. 31 எழுத்தும் தெரிந்த பிள்ளை ‘கொ’வைப் பார்த்து ‘க’ என்று சொல்லி, முன்னால் உள்ள கொம்பும் பின்னால் உள்ள காலும் எதற்கு என்று விழிப்பது இதனால்தான். குறிகளை நீங்களே செய்துகொள்ளுங்கள். 150ஆம் நம்பர் உப்புத்தாள் வாங்குங்கள். 80 வாங்கினால் விரல் எரியும், பிள்ளை மறுபடி தொடாது. குறியைத் தாளின் பின்பக்கத்தில் இடவலம் மாற்றி வரைந்து வெட்டினால்தான் முன்பக்கம் நேராக வரும். 2 மி.மீ. பைண்டிங் அட்டையில் ஒட்டி, ஓர் இரவு முழுக்கப் புத்தகங்களை அடுக்கிப் பாரம் வையுங்கள். மெல்லிய சார்ட் அட்டை என்றால் நம் ஊர் கத்திரி வெயிலில் சுருண்டு, ஒட்டியது ஓரத்தில் பெயர்ந்து வரும்.

எழுத்தோடு படமும் அச்சிட்ட பெட்டி வேண்டாம். பிள்ளை படத்தைப் பார்த்துக்கொண்டு “பட்டம்” என்று சொல்லும், விரல் எழுத்தில் இருக்காது. வாங்கும்போது அச்சு வடிவத்தையும் பாருங்கள்: கோட்டின் பருமன் எங்கும் ஒன்றாக, விரல் நுனி அளவுக்கு இருக்க வேண்டும். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளை இடது கையாலேயே தடவட்டும்.

கண்ணை மூடிக்கொண்டு தடவியே எழுத்தைச் சொல்கிறதா, அந்தப் பலகையை எடுத்து வைத்துவிடலாம். அடுத்து ஒரு தட்டில் ரவையைப் பரப்பி அதே எழுத்தை எழுதச் சொல்லுங்கள். பென்சில் அதற்கும் பிறகுதான்.