ரிச்சி தெருவில் சின்த் சாமான்

வீட்டிலேயே சின்த் (சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி) கட்டுகிறவர்கள் சென்னை ரிச்சி தெருவில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்னக் கடைக்குப் போகலாம். "சிடி40106 இருக்காண்ணே?" என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்து வைக்கிறார். அந்த ஒரே ஐசியில் (சில்லில்) ஆறு இன்வர்ட்டர்; கரண்ட் போனால் ஓடுகிற பெட்டி இல்லை, சிக்னலைத் தலைகீழாக்கும் சின்னச் சுற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் போட்டால் ஆறு ஆசிலேட்டர், அதாவது சுருதி எழுப்பும் சுற்று. நான் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு செப்புக் கம்பியை நீட்டி, விரலால் தொட்டு வாசிக்கிறேன். அழுத்தினால் சுருதி ஏறும். வியர்த்த விரல் என்றால் இன்னும் ஏறும். மே மாதச் சென்னையில் எப்போதும் தாரஸ்தாயிதான்! 9 வோல்ட் பேட்டரியில் மட்டும் செய்யுங்கள், அடாப்டர் வேண்டாம். வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் ரெசிஸ்டரான எல்டிஆரும் கிடைக்கிறது, அதைப் போட்டு கையால் நிழல் காட்டினால் சுருதி இறங்கும். பொட்டென்ஷியோமீட்டர் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) மட்டும் சுமார், திருகினாலே கரகரக்கிறது. அப்புறம், பில் கேட்டால் அண்ணன் முகம் மாறும்.