கையில் 3,000 ரூபாய், ஒரு சனி ஞாயிறு: தூத்துக்குடியா, சிவகாசியா?

தென் மாவட்டங்களுக்கு ஊர் பார்க்க வருகிறவர்கள் மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று போய்விட்டுத் திரும்பிவிடுவார்கள். தூத்துக்குடியும் சிவகாசியும் அவர்களுக்கு பஸ் ஜன்னலில் கடந்துபோகிற பெயர்கள். நம் வீட்டுச் சமையலறையில் உப்பு ஓர் ஊரிலிருந்தும், தீப்பெட்டி இன்னோர் ஊரிலிருந்தும் வந்திருக்கும். ஆனாலும் போய்ப் பார்க்கத் தோன்றுவதில்லை. எனக்கு இந்த இரண்டு ஊர்களையும் பிடிக்கும். குறைந்த காசில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் எது என்பதைப் பார்க்கலாம்.

போக்குவரத்துச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ், சிவகாசிக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ். இரண்டும் இரவு ரயில்கள், ஸ்லீப்பரில் ஒரு வழிக்கு 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஓர் இரவு அறை வாடகை மிச்சம். மதுரையிலிருந்து என்றால் இரண்டுக்குமே அரசு பஸ் போதும்.

வித்தியாசம் ஊருக்குள் இறங்கிய பிறகுதான் தெரியும். தூத்துக்குடியில் தொழில் வெட்டவெளியில் நடக்கிறது. சிவகாசியில் சுவருக்குப் பின்னால் நடக்கிறது. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடங்களுக்குச் செலவு செய்ய முடியாதவருக்கு இது பெரிய விஷயம்.

தூத்துக்குடி உப்பளங்களைச் சாலையோரம் நின்றே பார்க்கலாம். விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும், அதனால் நீங்களும் சீக்கிரம் போக வேண்டும். உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்ற விடுகிறார்கள். உப்புநீர் எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் போமே அளவில் ஏறக்குறைய 25 டிகிரி வந்ததும் உப்பு விளையத் தொடங்கும். அதை வாரி வரப்பில் குவித்து, பிறகு தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரம் போடுகிறார்கள். வேலையில் பாதிக்கு மேல் பெண்களைத்தான் பார்ப்பீர்கள். பத்து மணிக்கெல்லாம் வெள்ளைத் தரையிலிருந்து எழும் கூச்சம் கண்ணைத் திறக்க விடாது. அரை மணி நேரம் நின்ற எனக்கே அப்படி இருந்தது. அவர்கள் வருடக்கணக்கில் அதற்குள் நிற்கிறார்கள். அளம் தனியார் இடம், கேட்காமல் உள்ளே இறங்காதீர்கள். கேமராவை நீட்டுவதற்கு முன் "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அங்கிருந்து ஊருக்குள் வந்தால் எல்லாம் நடக்கிற தூரம்தான். ரயில் நிலையமும் பழைய பேருந்து நிலையமும் ஊர் நடுவில் இருப்பதால் ஆட்டோ செலவு அதிகம் வராது. பனிமய மாதா பேராலயம் 1713இல் எழுந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கடற்கரைச் சாலையில் பழைய துறைமுகம் பக்கம் போனால், மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோகிற மரத்தோணிகளைப் பார்க்கலாம். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், 1908இல் கோரல் மில் என்ற நூற்பாலையின் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களோடு நின்றதும் இந்த ஊரில்தான். அந்தக் கடல்காற்றில் நின்று அதை நினைத்துப் பார்ப்பது எனக்கு எந்த அருங்காட்சியகத்தையும் விடப் பெரிதாக இருந்தது. சனிக்கிழமையாக இருந்தால் மீனவர் பகுதியான திரேஸ்புரம் போங்கள். நாட்டுப்படகுகள் அன்று அதிகமாகக் கரை திரும்பும், மீன் ஏலம் சூடாக இருக்கும்.

சாப்பாட்டுக்கும் தூத்துக்குடிதான். சாயங்காலம் திறக்கிற பரோட்டாக் கடைகளுக்கு இங்கே 'நைட் கிளப்' என்று பெயர். வெளியூர்க்காரர்கள் தயங்க வேண்டாம், குடும்பத்தோடு போகிற இடம். பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊற வைத்துச் சாப்பிட்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது. அப்புறம் மக்ரூன். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, இவ்வளவுதான் சேர்மானம். கிலோ விலை கேட்டுப் பயப்படாமல் 100 கிராம் கேளுங்கள். கொண்டுபோவதென்றால் காற்றுப் புகாத டப்பா வேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுத்துவிடும்.

சரி, சிவகாசி. மழை குறைந்த கரிசல் பூமி அது. 1922 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு வந்தது, தீப்பெட்டி மேல் ஒட்டும் லேபிளுக்காக அச்சுத்தொழில் வளர்ந்தது. விவசாயம் கைகொடுக்காத ஓர் ஊர் இப்படி மூன்று தொழில்களைத் தானே உண்டாக்கிக்கொண்டதை நினைத்தால் மரியாதை வருகிறது.

ஆனால் பட்டாசு ஆலைக்குள் நீங்கள் போக முடியாது, போக ஆசைப்படவும் வேண்டாம். ஓர் அறைக்கு நான்கு பேர்தான் என்று கணக்கு வைத்து வேலை செய்கிற இடம். சின்ன உராய்வு போதும். அங்கே போன உயிர்கள் எத்தனை என்று செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர் மூலமாக உள்ளே காட்டுகிறேன் என்று யாராவது சொன்னாலும் மறுத்துவிடுங்கள். வேலை செய்கிறவர்களுக்கும் அது ஆபத்து.

மிஞ்சுவது பட்டாசுக் கடைகள், அச்சகங்கள், பத்ரகாளியம்மன் கோயில். கடைகளில் விலை நம் ஊரைவிடக் குறைவு என்று வாங்கிக் குவிக்கத் தோன்றும். ஆனால் ரயிலில் பட்டாசு கொண்டுபோவது குற்றம். மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனைகூட உண்டு. பஸ்ஸிலும் கூடாது. சொந்த வண்டி இல்லாத, சிக்கனமாகப் பயணம் செய்கிறவருக்கு சிவகாசியின் முக்கியமான சரக்கே பயன்படாது. நான் அங்கிருந்து கொண்டுவந்ததெல்லாம் தினசரி காலண்டரும் நோட்டுப் புத்தகங்களும்தான். அச்சகங்கள் இருக்கும் தெருக்களில் கட்டுக் கட்டாகக் காலண்டர் அட்டைகள் வண்டியில் ஏறுவதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் உண்டு. அரை நாளில் அது முடிந்துவிடும்.

சிவகாசிக்கு உள்ள பலம் அக்கம்பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் 20 கிலோமீட்டர் அளவில்தான். ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும் பஸ் காசில் கிடைக்கும். விருதுநகரில் காமராஜர் வீடும் எண்ணெய்ப் பரோட்டாவும் இருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கமும் இளைத்தது இல்லை: ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை, எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு.

என் முடிவு, முதல் தடவை என்றால் தூத்துக்குடி. இரண்டு நாளும் நிறையும். சிவகாசிக்கு ஒரு பகல் போதும். மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறவர்கள் காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மட்டும் இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் உப்பளங்களில் வேலை நின்றுவிடும், தூத்துக்குடித் தெருக்களில் தண்ணீர் தேங்கும். ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிவகாசி லாட்ஜுகளில் வியாபாரிகள் நிறைந்திருப்பார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு ஆகஸ்ட் முதல் வாரம் இருக்கிறது. ஆடி 18 அன்று சிவகாசியில் அடுத்த வருடத்துக்கான காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் வெளிவரும். அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 5இல் பனிமய மாதா திருவிழா. சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாக பஸ் மாறி மாறிப் போய்விடலாம். கோவில்பட்டியில் இறங்கும்போது கடலைமிட்டாய் வாங்க மறக்காதீர்கள். திருவிழா நாட்களில் தூத்துக்குடியில் அறை கிடைப்பது கஷ்டம், அதனால் ஜூலையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.