எஃப்.டி. என்று சொல்லி இன்சூரன்ஸைத் தலையில் கட்டிவிட்டார்கள், 1,50,000 ரூபாய்!

நேற்று மாலை ஒரு எஸ்.எம்.எஸ். இரண்டாம் வருஷப் பிரீமியம் 1,50,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். பிரீமியமா? நான் போட்டது ஃபிக்சட் டெபாசிட் ஆச்சே!

ஈரோட்டில் சின்னதாக ஒரு பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். கணக்கு ஒரு தனியார் வங்கியில். போன வருஷம் மார்ச் கடைசியில் செக் போடப் போனவனை ஒரு மேடம் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து காபி கொடுத்தார். மகளின் கல்விக் கடனுக்கு நான் அலைந்தபோது உதவியவர், சந்தேகமே வரவில்லை. "அண்ணா, வரிக் கழிவு தர்ற 80சி பிரிவில் 1,50,000 போட்டா 46,800 வரி மிச்சம். அஞ்சு வருஷ எஃப்.டி. மாதிரிதான்." அந்த 'மாதிரி' என் காதில் விழவே இல்லை. டேப்லெட்டில் கையெழுத்து, ஓ.டி.பி. "ஒரு கால் வரும், எல்லாத்துக்கும் எஸ் சொல்லிடுங்க." சொன்னேன்.

இன்று காலை கிளைக்குப் போனால் மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். மேனேஜர், "நாங்க வெறும் ஏஜென்ட் சார், இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேளுங்க" என்கிறார். கம்பெனியில், "கிளையைக் கேளுங்க, நீங்க எஸ் சொன்ன ரெக்கார்டிங் இருக்கு." 12 வருஷம் கட்டணுமாம். இப்போதே நிறுத்தினால் என்ன கிடைக்கும்? "மெயில் பண்றோம்." இதை எழுதும்வரை வரவில்லை.

இதில் பெரிய கூத்து, ஆடிட்டர் சொன்னதுதான். என் வருமான வரி ரிட்டர்ன் போனது புதிய வரி முறையில். 2023-24 நிதியாண்டிலிருந்து நாமாக மாற்றாவிட்டால் அதுதான். அதில் 80சி கழிவே கிடையாது. என்னைப் போல் தொழில் வருமானம் உள்ளவன் பழைய முறைக்குப் போக 10-ஐ.இ.ஏ. படிவத்தைக் கெடுவுக்குள் கொடுத்திருக்கணும். நான் கொடுக்கவில்லை. ஆக, மிச்சம் சைபர். அந்த 46,800-கூட 30 சதவீத வரி கட்டுகிறவனுக்குத்தான். என் வருமானத்துக்குப் பழைய முறையிலும் 31,200-க்கு மேல் தேறாது. வரியும் மிச்சமில்லை, 1,50,000 ரூபாயும் மாட்டிக்கொண்டது.

வரி சேமிக்க என்னென்ன வழி என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த முறையில் ரிட்டர்ன் போடுகிறீர்கள் என்று ஆடிட்டரிடம் முதலில் கேளுங்கள். தாளில் 'பிரீமியம்' என்று இருந்தால் அது டெபாசிட் இல்லை. பாலிசி மெயிலில் வந்தால் அன்றே திறந்து பாருங்கள். வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பித் தரலாம். நான் திறக்கவே இல்லை. கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. நான் புகார்க் கடிதத்தை இன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டேன்.