குளிர்கால மலைநடைக்கு எந்த ஜாக்கெட்: பாரமோவா, கோர்-டெக்ஸா?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பக்கம் நடைக்குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் நவம்பர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி மழை ஜாக்கெட்டைப் பற்றித்தான் இருக்கும். பூட்ஸ்கூட அப்புறம்தான். பாரமோ, கோர்-டெக்ஸ் என்ற இரண்டு வகை மழை ஜாக்கெட்டும் போட்டு நடந்தவள் நான். இப்போது கோர்-டெக்ஸைக் கோடைக்கு ஒதுக்கிவிட்டேன். அக்டோபர் முதல் மார்ச் வரை பாரமோதான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

குடை, பான்ச்சோ, பூச்சுத் துணியில் வரும் மலிவு ஜாக்கெட் மூன்றையும் இதில் சேர்க்கவில்லை. மலை மேல் அடிக்கும் காற்றில் முதல் இரண்டும் நிற்காது. மூன்றாவதில் வியர்வைக்கு வழி கிடையாது.

ஷெஃபீல்டை ஒட்டிய மலைப்பகுதியான பீக் டிஸ்ட்ரிக்டின் உச்சியான கிண்டர் ஸ்கவுட்டின் உயரம் 636 மீட்டர்தான். எண்ணைப் பார்த்துச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஈடேல் ரயில் நிலையத்தில் இறங்கும்போது தூறல் இருக்கும். ஜேக்கப்ஸ் லேடர் படிகளில் ஏறும்போது வெயில் எட்டிப் பார்க்கும், முதுகு வியர்க்கும். மேலே போனால் மேற்குக் காற்றோடு பனி கலந்த மழை முகத்தில் குத்தும். கிண்டர் டவுன்ஃபால் அருவியில் விழ வேண்டிய தண்ணீரையே அந்தக் காற்று மேல்நோக்கித் தூக்கி நம்மீது வீசும். இவ்வளவும் ஒரே காலைப்பொழுதில் நடக்கும்.

தனியாகப் போனால் நினைத்த இடத்தில் நின்று கழற்றி மாட்டலாம். குழுவில் அது முடியாது. முன்னால் வழிநடத்துகிறவர், கடைசியில் யாரும் விட்டுப்போகாமல் பார்த்து வருகிறவர், நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் பையைத் திறந்தால் மற்ற எல்லோரும் காற்றில் நின்று விறைக்க வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால் ஐந்தைந்து நிமிடமாகப் போகும் நேரமும் பெரிது. அதனால் குழு நடைக்கு வேண்டியது காலையில் போட்டால் மாலை வரை உடம்பிலேயே கிடக்கிற ஜாக்கெட். பாரமோ அப்படிப்பட்டது. உள்ளே ஒரு மெல்லிய பனியன் போதும். ஏற்றத்தில் ஜிப்பைத் திறந்துவிட்டால் காற்று புகும், உச்சியில் இழுத்து மூடிவிடலாம். கோர்-டெக்ஸ் வெறும் மேலோடு மட்டும். உள்ளே ஃப்ளீஸ் என்ற கதகதப்பான மேலுடுப்பு வேண்டும். ஏறும்போது அதைக் கழற்ற வேண்டும், நின்றதும் மறுபடி மாட்ட வேண்டும்.

இருந்தாலும் என்னை மாற்றிய காரணம் இது இல்லை, பராமரிப்பு.

கோர்-டெக்ஸின் உள்ளே ஒரு சவ்வு இருக்கிறது. மழைத்துளி புக முடியாத, வியர்வை ஆவி மட்டும் வெளியேறக்கூடிய நுண்துளைகள் கொண்டது. அந்தச் சவ்வு வேலை செய்ய வேண்டுமானால் மேல்துணி தண்ணீரை உதற வேண்டும். அழுக்கும் உடம்பு எண்ணெயும் ஏறி, பைவார் உரசி, அந்தத் தன்மை போய்விட்டால் துணி ஊறிக் கனக்கும். ஆவி வெளியேற வழியில்லாமல் உள்பக்கமே நீராய்ப் படியும். போட்டிருப்பவர் ஜாக்கெட் ஒழுகுகிறது என்றே நினைப்பார். துவைத்து, இளஞ்சூட்டில் டிரையரில் சுழற்றினால் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் வருடங்கள் போனால் தோள்பட்டையில் சவ்வு துணியை விட்டுப் பிரியும், தையல்மேல் ஒட்டிய நாடா உரியும். நாடாவை மறுபடி ஒட்டித் தருகிற கடைகள் உண்டு. பிரிந்த சவ்வுக்கு மருந்தில்லை.

பாரமோவில் சவ்வே கிடையாது. நெருக்கமாக நெய்த மேல்துணி, உள்ளே மெல்லிய ரோமம் போன்ற இழைகள். அந்த இழைகள் ஈரத்தை வெளிப்பக்கமாகத் தள்ளும். 1977இல் பூட்ஸுக்கு நிக்வாக்ஸ் மெழுகு தயாரித்து விற்கத் தொடங்கிய நிக் பிரவுன்தான் 1992இல் இந்த ஜாக்கெட்டையும் கொண்டுவந்தார். துவைத்துப் புதுப்பிக்கிற திரவத்தை அறிந்தவர் அதற்கேற்ப உடுப்பைச் செய்தது போல இருக்கிறது. முள்ளில் கிழிந்தால் வீட்டு ஊசி நூலால் தைத்துக்கொள்ளலாம். என் வலது முழங்கைக்குக் கீழே அப்படிப் போட்ட தையல் இருக்கிறது. அதன் வழியாக ஒரு சொட்டும் வந்ததில்லை.

ஆனால் துவைப்பதில் கண்டிப்பு வேண்டும். முதலில் வாஷிங் மெஷினில் சோப்புப் போடும் தட்டைக் கழற்றி, மூலையில் உறைந்து கிடக்கும் சோப்பையும் கம்ஃபர்ட்டையும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். சாதாரண சோப்பு துணியில் தங்கினால் அது தண்ணீரை உதறாது, உள்ளே இழுக்கும். பிறகு அழுக்கெடுக்கும் நிக்வாக்ஸ் திரவமான டெக் வாஷ் ஊற்றி ஒரு சுற்று, தண்ணீரை உதறும் தன்மையை மீட்கும் டிஎக்ஸ்.டைரக்ட் ஊற்றி இன்னொரு சுற்று. காய்ந்ததும் தோளில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு ஓடினால் குளிர்காலத்துக்குத் தயார். பரவினால் மறுபடி டெக் வாஷிலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்போது கோர்-டெக்ஸ்காரர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. மேல்துணி தண்ணீரை உதறுவதற்காகப் பூசிவந்த, சூழலுக்குக் கேடான ஃப்ளோரின் பூச்சை நிறுவனங்கள் கைவிட்டு வருகின்றன. புதுப் பூச்சு தண்ணீரை உதறினாலும் எண்ணெயைத் தடுக்காது, ஆகவே அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கிறது. "துவைக்காமலே போடலாம்" என்ற பழைய சலுகை போய்விட்டது. எப்படியும் துவைத்தாக வேண்டும் என்றால், துவைக்கத் துவைக்க உயிர் பெறும் ஜாக்கெட்டைத்தான் நான் எடுப்பேன்.

கோர்-டெக்ஸ் ஜெயிக்கிற இடங்களும் உண்டு. எடை குறைவு, பைக்குள் சுருட்டி வைக்கலாம். பத்து டிகிரிக்கு மேல் போனால் பாரமோவில் புழுங்கும். ஈரப் பாறையில் அழுந்த உட்கார்ந்தால், முழங்காலிட்டால், பாரமோ கால்சட்டை நீரை உள்ளே விடும், சவ்வு விடாது. ஸ்காட்லாந்தின் ஆழ்ந்த பனியில் நான் அதிகம் நடந்ததில்லை, அங்கே எது சிறந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். புது வகைச் சவ்வுகளையும் நண்பர்களிடம் இரவல் வாங்கிப் போட்டதோடு சரி.

விலை? நல்லதாக எடுத்தால் இரண்டுமே சில நூறு பவுண்டு. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி, "பழசு வாங்கலாமாக்கா?" என்று கேட்டார். பாரமோ என்றால் தயங்காமல் வாங்கலாம் என்றேன். ஜிப்பையும் துணியையும் பார்த்தால் போதும், மற்றதைத் துவைத்து மீட்டுவிடலாம். பழைய கோர்-டெக்ஸுக்கு, தோள் உள்பக்கத்தையும் தையல் நாடாவையும் வெளிச்சத்தில் எடுத்த படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். இன்னொன்று: பாரமோ உடம்பை ஒட்டி இருந்தால்தான் ஈரத்தைத் தள்ளும். உள்ளே ஸ்வெட்டர் போடலாம் என்று ஒரு அளவு பெரிதாக எடுக்க வேண்டாம்.